எக்கோ வேண்டாம், அண்ணாச்சி

காலியாக இருந்த கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினேன். தட்டியது ஒன்று, திரும்பி வந்தது ஐந்தாறு. எதிரெதிரே இரண்டு வெற்றுச் சுவர்கள், கீழே வழவழப்பான டைல்ஸ், மேலே தகரக் கூரை. தகரக் குடத்துக்குள் கோலிக்குண்டைப் போட்டு உருட்டினாற்போல அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி அடங்கியது. கூட வந்திருந்த நண்பர் மேடை அமைய வேண்டிய இடத்தில் நின்று எதையோ சொன்னார். 20 அடி தள்ளி நின்ற எனக்கு ஒரு சொல்லும் பிரியவில்லை. “என்ன சொன்னீர்கள்?” என்று கத்தினேன். “நல்ல இடம் என்று சொன்னேன்” என்று பதிலுக்குக் கத்தினார்.

கோவில்பட்டியில் எங்கள் வாடகைக்குக் கட்டுப்படியான கூடம் அது ஒன்றுதான். கல்யாண மண்டபம் ஒன்றின் பழைய சாப்பாட்டுக் கூடம்.

நாங்கள் ஆறு பேர். கரிசல் எழுத்தை, அதாவது இந்தக் கரிசல் மண் வட்டாரத்து எழுத்தாளர்கள் எழுதியதை, சத்தமாக வாசித்துக் கேட்க ஒரு மாலை வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. இந்த வட்டாரத்தில் இலக்கியக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. பக்கத்தில் பாரதி பிறந்த எட்டயபுரம். அங்கே மணிமண்டபம் 1947-லேயே வந்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே போனால் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அங்கே ஒன்றாக வளர்ந்தவர்கள், ஒரே ஆண்டில், 1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்கள். அழகிரிசாமிக்கு 1970-இலும் (அவர் மறைந்த பிறகு), கி.ரா.வுக்கு 1991-இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பிறகு பூமணிக்கு 2014-இல், உருளைகுடி சோ. தர்மனுக்கு 2019-இல். இத்தனை பேர் இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளிருந்து எழுதி வந்திருக்கிறார்கள். பேச நிறைய இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை, பேசவும் செய்கிறோம். நான் போன கூட்டங்களில் எல்லாம் எழுத்தாளரைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார்கள். எழுத்தாளர் எழுதியதிலிருந்து மூன்று வரி வந்தால் பெரிய விஷயம். நம் ஊர்ச் சொல்லை நம் ஊர் நாக்கு சொல்ல, நம் ஊர்க் காது கேட்க வேண்டும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது, எங்கே சறுக்கினோம் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்து யாராவது நடத்தினால் உதவும்.

முதல் சறுக்கல் தேதி. கி.ரா.வின் பிறந்தநாள் செப்டம்பர் 16, அழகிரிசாமியுடையது 23. இரண்டுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமையைப் பிடித்து, மாலை 5 மணி என்று நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டோம். அழகான ஏற்பாடு என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். நோட்டீஸை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனபோது ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “புரட்டாசி பிறந்ததும் வைத்திருக்கிறீர்களே தம்பி, அன்றைக்கு யார் வருவார்?” என்று கேட்டார். மானாவாரிக் காட்டில் மழைக்கு முன் புழுதி விதைப்பு நடக்கும் சமயம் அது. உளுந்து, சோளம், பருத்தி எல்லாம் அப்போதுதான் மண்ணுக்குள் போகும். சம்சாரிகளை, அதாவது விவசாயிகளை, பற்றிய கதையைச் சம்சாரிகள் வர முடியாத நாளில் வாசிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆறு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள்.

தேதியை மாற்ற முடியவில்லை, முன்பணம் போய்விட்டது. நேரத்தை மாற்றினோம். 5 மணி 6.30 ஆயிற்று. நோட்டீஸில் 5-ஐப் பேனாவால் அடித்துத் திருத்தி, 400 நோட்டீஸையும் இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தோம். காடு வேலை முடித்துக் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு 7 மணிதான் சௌகரியம் என்பதால், முக்கியமான வாசிப்பு எதையும் அதற்கு முன் வைப்பதில்லை என்றும் முடிவு செய்தோம்.

எதை வாசிப்பது? இங்கே சட்டம் கொஞ்சம் குறுக்கே வந்தது, வந்ததும் நல்லதாயிற்று. அச்சில் வந்த படைப்பிலிருந்து நியாயமான அளவு ஒரு பகுதியைப் பொது இடத்தில் வாசிக்க 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. முழுக் கதையையும் மேடையில் வாசிப்பதென்றால் உரிமை வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும். எனவே பகுதிகள் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். கி.ரா.வின் ‘கதவு’, அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, கண்மாயை மையமாகக் கொண்ட சோ. தர்மனின் ‘சூல்’ ஆகியவற்றிலிருந்து ஆளுக்கு 10 நிமிடம். மேடையில் 10 நிமிடம் என்றால் எத்தனை சொல் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. போனில் நேரம் வைத்து வாசித்துப் பார்த்தோம். வீட்டில் வாசிக்கும்போது நிமிடத்துக்கு 120 சொல் ஓடுகிறது. எதிரே பத்துப் பேர் உட்கார்ந்ததும், கேட்பவர் சிரித்து முடிக்க, யோசிக்க விட்டு வாசித்தால், 90-க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே 10 நிமிடத்துக்கு 900 சொல் என்று கணக்கு வைத்துப் பகுதிகளைப் பிரித்தோம். கடைசி வரை அந்தக் கணக்கு பிசகவில்லை.

ஒத்திகை எங்கள் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. ‘கதவு’ வாசிக்க முதலில் ஒரு கல்லூரி மாணவரைத்தான் நினைத்திருந்தோம். தெளிவான குரல், பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். அவர் வாசிக்க ஆரம்பித்ததும் மாநிலச் செய்திகள் கேட்பதுபோல் இருந்தது. ஏற்ற இறக்கம் எல்லாம் சரிதான், ஆனால் எதற்கு ஏறுகிறார் எதற்கு இறங்குகிறார் என்பது விளங்கவில்லை. கதையில் தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகும் இடம் வருகிறது. அந்த இடத்தை அவர் ஒரு நம்பிக்கைத் தொனியில் வாசித்தார். நிறுத்தி, “தீர்வை என்றால் என்ன, தம்பி?” என்று கேட்டேன். “தீர்வு. பிரச்சினைக்குத் தீர்வை” என்றார்.

சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. அவருக்கு நிலவரி கட்டிப் பழக்கமில்லை. அந்தச் சொல் அவர் வீட்டில் புழங்கி ஓய்ந்து 30 ஆண்டு இருக்கும். மாடியில் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர், 25 ஆண்டுகள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர், பேச்சில் புகுந்தார். அவருடைய தாத்தா வீட்டில் தீர்வை கட்டாததற்கு அண்டாவைத் தூக்கிப் போனதை அவருடைய அம்மா சொல்லக் கேட்டிருக்கிறார். அண்டா போன பிறகு அந்த வீட்டில் ஆறு மாதம் மண்பானையில் தண்ணீர் பிடித்தது, பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் அண்டாவை ஈயம் பூசக் கொடுத்திருக்கிறது என்று சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாணவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நான் அக்காவிடம் தாளை நீட்டினேன். “நான் நின்று நின்றுதான் படிப்பேன்” என்றார். அதுதான் வேண்டும் என்றேன்.

மாணவருக்கு ‘சூல்’ பகுதி போயிற்று. கண்மாய், மடை, கரை பற்றிய சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒரு ஞாயிறு முழுக்கத் தன் தாத்தாவோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரம் செய்தி வாசிப்பாளர் காணாமல் போயிருந்தார். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் சிறுவர்கள் எங்கள் வீட்டில் அது இருக்கிறது, இது இருக்கிறது என்று போட்டி போடும் பகுதியை வாசிக்க ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவளுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. அந்தப் போட்டியை அவள் தினமும் பள்ளிக்கூடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

தாள் தயாரிப்பதில் ஒரு சின்ன விஷயம். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் தலை குனிகிறது, குரல் நெஞ்சுக்குள் விழுகிறது. பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, மூச்சு விடும் இடத்தில் வரியை முறித்துக் கொடுத்தோம். ஸ்டேப்ளர் போடவில்லை, மைக் முன்னால் தாளைப் புரட்டினால் சருகில் மாடு நடப்பதுபோல் கேட்கும். தனித்தனித் தாளாக வைத்து, வாசித்து முடித்ததை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தப் பழக்கினோம். பக்கம் முடியும் இடத்தில் வாக்கியமும் முடியும்படி பார்த்துக்கொண்டோம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம், மைக் நேர் எதிரே இல்லாமல் வாயின் ஓரத்துக்கு. நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் பட்டாசு வெடிக்கிறது. ‘பருத்தி’, ‘பாக்கி’, ‘பொழுது’ என்று கரிசல் கதைகளில் பகரத்துக்குப் பஞ்சமே இல்லை.

கூடத்துக்கு வருகிறேன். எதிரொலியை எப்படி அடக்குவது என்று மைக்செட் அண்ணாச்சியைக் கேட்டால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைக்கலாம் என்றார். குடத்துக்குள் இன்னும் இரண்டு கோலிக்குண்டு போடுகிற யோசனை அது. திரைச்சீலை வாங்கக் காசில்லை. ஜமுக்காளம் இருந்தது. தெரிந்த வீடுகள், ஒரு கோயில், ஒரு சங்கக் கட்டடம் எனச் சுற்றி 14 ஜமுக்காளங்கள் சேர்த்தோம். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி, நீளவாட்டுச் சுவர்களில் ஒரு பக்கம் முழுக்கத் தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டிப் போட்டபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. கயிற்றை அரை அடி முன்னால் இழுத்து, துணிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு, கொசுவம் வைத்தாற்போல மடிப்பு மடிப்பாக விட்டதும் நன்றாகவே தெரிந்தது. மறுபடி கை தட்டிப் பார்த்தேன். ஒன்று தட்டினால் ஒன்றரை கேட்டது. மேடைக்கு நேர் எதிர்ச் சுவரில் மூன்றைத் தொங்கவிட்டதும் அந்த அரையும் போயிற்று. ஆட்கள் வந்து நிறைந்தால் இன்னும் அடங்கும், உடுத்திய ஆட்களும் சத்தத்தை நன்றாக உறிஞ்சுவார்கள். தரையில் உட்கார ஜமுக்காளம் மிஞ்சவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு வந்தன.

இதற்கிடையில் புத்தகம். வட்டாரக் கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்பை அன்றைக்கு வெளியிடுவதாக ஏற்பாடு. 100 பிரதிகள் பார்சலில் விழாவுக்கு முந்தின நாள் மாலைதான் வந்தன. கட்டைப் பிரித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்த கவிஞர், தான் வாசிக்க வேண்டிய 53-ஆம் பக்கத்தைத் தேடினார். இல்லை. 48-க்குப் பிறகு 65 வந்தது. திருப்பிப் பார்த்தால் 33 முதல் 48 வரை இரண்டு தடவை இருந்தது. ஃபாரம் அடுக்குகிறவர் நான்காவது ஃபாரத்துக்குப் பதிலாக மூன்றாவதையே இன்னொரு முறை எடுத்து வைத்துவிட்டார். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் தப்பு நடந்தால் பதினாறாகத்தான் நடக்கும். கவிஞருக்கு முகம் வெளுத்துவிட்டது. அச்சகத்துக்குப் போன் போட்டுப் பயனில்லை, மணி ஒன்பது.

ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியாக 49-ஆம் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தோம். முக்கால் மணி நேரத்தில் 100-உம் முடிந்தது. ஏழு பிரதிகளில் பிசகு. ஏழையும் தனியே கட்டி அலமாரிக்கு மேலே வைத்தோம். 93 தேறியது. புத்தகக் கட்டு வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிடுங்கள். மேடையில் வெளியிட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட அது நல்லது. நாங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகத்தான் நினைத்தோம்.

சனிக்கிழமை பிற்பகல் மைக்செட் அண்ணாச்சி வந்தார். 30 ஆண்டு அனுபவம், கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்தவர். ஒயரை இழுத்து முடித்து, மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ” என்றார். “லோ… லோ… லோ…” என்று அது தென்காசி மலைவரை போய்த் திரும்பியது. இவ்வளவு ஜமுக்காளம் கட்டி எதைக் கொன்றோமோ அதை ஒரு திருகலில் உயிர்ப்பித்துவிட்டார்.

“எக்கோ வேண்டாம், அண்ணாச்சி.”

“எக்கோ இல்லாமல் குரல் மொட்டையாக இருக்கும் தம்பி. வந்தவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.”

விவாதித்துப் பயனில்லை என்று அந்த அக்காவைக் கூப்பிட்டு இரண்டு வரி வாசிக்கச் சொன்னோம். எக்கோவோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. அண்ணாச்சியைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தோம். இரண்டாவது முறை முடிந்ததும் எழுந்து போய் அந்தத் திருகியைத் தானே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் கை அதிலேயே இருந்தது. விழா முழுக்க ஒரு கண் அவர் கைமேல் வைத்திருந்தோம். பேசுகிறவருக்குப் பின்னால் இருந்த இரண்டு பெட்டிகளையும் முன்னால் நகர்த்தி, மைக்குக்கு முதுகு காட்டும்படி வைத்த பிறகு மைக் ஊளையிடுவதும் நின்றது.

6.30-க்கு நாதஸ்வரம். காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊரில் அது இல்லாமல் முடியாது. வாழ்த்து முடிந்ததும் காவடிச்சிந்து. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைத் தேடிச் சரிபார்த்துப் பதிப்பித்தவர் அழகிரிசாமி என்பது அவருடைய கதைகளைப் படித்தவர்களில் பலருக்கும் தெரியாது. அதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போனோம். பாடியவர் ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர். மூன்று வாக்கிய அறிமுகம் எங்கள் விதி. பேச்சாளர் யாருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை, பொன்னாடை கிடையாது என்பவை மற்ற விதிகள். பொன்னாடை விதியை இரண்டு விருந்தினர்கள் முறியடித்தார்கள், பையில் தாங்களே கொண்டு வந்துவிட்டார்கள். பெயர் சொல்லி அழைத்து, போர்த்தி, படம் பிடித்து, இன்னொருவர் வந்து அதே படத்தில் நின்றதில் 12 நிமிடம் போயிற்று.

புத்தகத்தைக் கிளை நூலகர் ஒருவர் வெளியிட, கவிஞரின் பத்தாம் வகுப்பு ஆசிரியர் பெற்றுக்கொண்டார். பிறகு பார்வையாளர்களுக்கு நடுவே முன்கூட்டியே உட்கார்ந்திருந்த எட்டுப் பேர், மேடைக்கு வராமல் இருந்த இடத்திலேயே எழுந்து, ஆளுக்கு ஒரு கவிதை வாசித்தார்கள். மைக் இல்லாமல். ஜமுக்காளத்தின் உபயத்தில் எல்லாம் கேட்டது. வாழ்த்துரைக்கு வந்தவர் மட்டும் ஐந்து நிமிடத்தை இருபதாக்கினார். தொகுப்பை இரண்டு முறை படித்ததாகவும், ஒரு கவிதைகூடச் சோடை போகவில்லை என்றும் சொன்னார். பேசி முடித்து அவர் மேசையில் விட்டுப்போன பிரதியை எடுத்துவைக்கும்போது ஏதோ தோன்றி 49-ஐப் புரட்டினேன். இல்லை. பத்து நாள் முன்பு அச்சகத்திலிருந்து அவருக்கு நேரே அனுப்பிய பிரதி அது. பிசகு ஏழல்ல, எட்டு. அதில் 33 முதல் 48 வரை இரண்டு முறை இருக்கிறது, ஆகவே அந்தப் பதினாறு பக்கங்களை மட்டும் அவர் சொன்னபடி இரண்டு முறை படித்திருக்க வாய்ப்பு உண்டு. கவிஞரிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

7.15-க்கு மேல்தான் கூடம் நிறைந்தது. தலை ஈரம் காயாமல், நெற்றியில் திருநீறோடு சம்சாரிகள் வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் வாசித்தபோது சிரிப்பு முன்வரிசையில் தொடங்கி அங்கிருந்து பின்னால் போயிற்று. மாணவர் ‘சூல்’ வாசித்தபோது அது தலைகீழானது. மடை என்ற சொல் வந்ததும் பின்வரிசையிலிருந்து யாரோ “ஆமாம்” என்றார். மாணவர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தே மீதியை வாசித்தார்.

7.50. ‘கதவு’ வாசிக்க அக்கா எழுந்து போய் நின்றார், தாளைச் சரிசெய்தார். தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. இரண்டு நிமிடத்தில் நூறு பேர் ஒன்றாக உளுந்து புடைக்கிற சத்தம். ஜமுக்காளமும் ஒரு சாண் கணக்கும் கூரைக்கு என்ன செய்யும்? மழையை யாரும் குறை சொல்லவும் முடியாது. பின்வரிசையில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். நோட்டீஸைப் பார்த்துத் தேதியைக் குறை சொன்ன அதே பெரியவர், வெளியே கை நீட்டி மழையைப் பிடித்து முகத்தில் தடவிக்கொண்டார். விதைத்து இரண்டாம் நாள். வேறு எந்த இலக்கியம் அவரை உள்ளே இழுக்கும்?

வில்லுப்பாட்டு 8.30-க்கு என்று இருந்தது. குழுவை நடத்திப் பாடும் அண்ணாவியிடம் ஓடினேன். “இப்போதே ஏறுகிறீர்களா?” மழைச் சத்தத்தை அண்ணாந்து பார்த்தார், “குடம் இருக்கிறது” என்றார்.

அந்தக் குடத்தோடு பிற்பகலில் ஒரு மணி நேரம் போராடியிருந்தோம். வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, குடத்தைப் பிரிமணையில் நிறுத்தி, வாயில் மட்டையால் தட்டுகிறார்கள். மண்குடத்தின் வாயருகே மைக்கைக் கொண்டுபோனதும் கூடமே பள்ளத்தில் விழுந்ததுபோல ‘தொம்’ என்று அதிர்ந்து, அந்த அதிர்வு அடங்காமல் ஊளையாக மாறியது. மைக்கை ஒரு முழம் தள்ளி, வில்லில் கட்டிய மணிகளைப் பார்த்துச் சாய்த்து வைத்தோம். கொஞ்சம் தேவலை, ஆனால் அடிநாதத்தில் ஒரு முனகல் மிச்சமிருந்தது. தட்டும்போதெல்லாம் மேடைப் பலகை அதிர்ந்து, ஸ்டாண்டின் கால் வழியாக மைக்குக்கு ஏறுகிறது என்பதை அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார். ஸ்டாண்டின் காலைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டுச் சாக்கு கேட்டார். நான்காக மடித்த சாக்கின் மேல் ஸ்டாண்டை வைத்து, மிக்சரில் பேஸைப் பாதிக்குக் குறைத்ததும் முனகல் நின்றது. குடம் குடமாகக் கேட்டது, உடுக்கின் குழைவு தனியே பிரிந்தது.

இந்தப் பக்கத்து வில்லிசைக்குச் சாத்தூர் பிச்சைக்குட்டி ஒரு பெரிய பெயர். அவரைப் பற்றி சோ. தர்மன் தனி நூலே எழுதியிருக்கிறார். எங்கள் அண்ணாவியிடம் இடைசெவல் நண்பர்கள் இருவரின் கதையைப் பாட்டாகக் கட்ட முடியுமா என்று ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தோம். ஒருவர் ஊரை விட்டுச் சென்னைக்கும் மலேயாவுக்கும் போய்ப் பத்திரிகையில் வேலை பார்த்தவர், மற்றவர் ஊரிலேயே விவசாயம் பார்த்து முப்பது வயதுக்கு மேல் எழுத வந்தவர், இருவருக்கும் சங்கீதப் பித்து என்று சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சண்டை உண்டா?” என்றார். இல்லை என்றோம். “சாமி வரம் கொடுக்கிற இடம்?” இல்லை. “பிறகு எதை வைத்து ஐயா நான் குடத்தைத் தட்டுவது?” கடைசியில் கடிதத்தில் பிடித்தார். ஊரில் இருப்பவர் கடிதத்துக்குக் காத்திருக்கிறார், தபால்காரர் வருகிறார், வேறு வீட்டுக்குப் போகிறார், மறுநாள் வருகிறார், மறுபடி வேறு வீட்டுக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் பக்கப்பாட்டுக்காரர் “வந்ததா?” என்று கேட்க, அண்ணாவி வில்லில் அடிக்கும் வீசுகோலை நிறுத்திவிட்டு “வரவில்லை” என்பார். மழைச் சத்தத்துக்கு மேலே அந்த “வந்ததா?” ஏறி அடித்தது. நான்காவது முறை வாசலில் நின்றவர்களும் சேர்ந்து கேட்டார்கள். மழை எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

நின்றபோது மணி 8.55. ஒலிபெருக்கிக்கு வாங்கிய அனுமதி 10 மணி வரைதான்; அதற்குப் பிறகு திறந்த இடத்தில் வைக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. கூடத்துக்குக் கதவிருந்தாலும் அதைச் சாத்த யாருக்கும் மனமில்லை, மண்வாசம் வந்துகொண்டிருந்தது. இரண்டு வாழ்த்துரைகளை அங்கேயே ரத்து செய்தோம். அதில் ஒருவர் அதற்குப் பிறகு எங்களோடு பேசுவதில்லை.

அக்கா மறுபடி போய் நின்றார். கதவில் ஏறிக் குழந்தைகள் பஸ் விளையாடும் இடத்திலிருந்து ஆரம்பித்தார். சொன்னபடியே நின்று நின்றுதான் வாசித்தார். ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியைத் தேடுகிற அந்த இடைவெளியில் கூடம் மொத்தமும் அவரோடு சேர்ந்து தேடியது. தீர்வை பாக்கி வருகிற இடத்துக்கு வந்தார். அந்த வரியை வாசித்துவிட்டு, தாளிலிருந்து கண்ணை எடுத்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்ததில் இல்லாத நிறுத்தம் அது. கணக்குப்படி 10 நிமிடம், எடுத்தது 14. மைக்செட் அண்ணாச்சி மிக்சரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கணக்கு: கூடம் 6,000 ரூபாய், மைக்செட் 5,500, வில்லிசைக் குழு 15,000, டீயும் சுண்டலும் 2,400, நோட்டீஸும் தாள்களும் 1,300, ஆக 30,200. ஆளுக்கு 500 வீதம் 52 பேரிடம் வாங்கியது 26,000. துண்டு விழுந்த 4,200-ஐ ஆறு பேரும் தலைக்கு 700 போட்டு அடைத்தோம். புத்தகம் 41 விற்றது, முழுப் பணமும் கவிஞருக்கு. அச்சகத்தில் எட்டுப் பிரதிகளை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. பெண்கள் கழிப்பறைக்கு வெளிச்சம் போட மறந்துவிட்டோம், அது வெட்கக்கேடு. கடைசி டவுன் பஸ் நேரத்தைக் கேட்டு வைக்காததால் 11 பேரை நண்பரின் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. வாசிப்பைப் பதிவு செய்யப் போனை முன்வரிசை நாற்காலியில் வைத்தோம். பதிந்ததில் பாதி அந்த நாற்காலி கிறீச்சிடுவதுதான். மிக்சரிலிருந்து நேரே எடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஜமுக்காளங்களை அவிழ்த்து, உதறி, எது எந்த வீட்டுடையது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் கூடத்துப் பக்கம் வந்தார். செருப்பு இரண்டிலும் கரிசல் ஒட்டி, ஆள் அரை அடி உயர்ந்திருந்தார். காட்டைப் பார்த்துவிட்டு வருகிறாராம். “ஓர் உழவு மழை” என்றார். பிறகு, “இனிமேல் மாசியில் வையுங்கள். வெள்ளாமை வீடு வந்திருக்கும், ஆளும் வருவான், கையில் காசும் இருக்கும். அந்தப் பிள்ளை வாசித்தாளே, அந்தக் கதவு திரும்பக் கிடைத்ததா இல்லையா?” என்று கேட்டார். பகுதிதான் வாசித்தோம், முடிவு வரை போகவில்லை. சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், மாசியில் கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

அண்ணாச்சி ஒயரைச் சுற்றிக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்து, மாசி மாதப் பக்கத்தைப் புரட்டி, என்ன தேதி என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். தேதி எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, எங்கள் பெயரை எழுதி, அதற்கு நேரே ‘எக்கோ இல்லை, சாக்கு 2’ என்று குறித்துக்கொண்டார்.